சலதாரைத் தண்ணிக்குக் கல்வாழைத் தொட்டி: கேள்வி பதில்

ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட தொட்டியில சலதாரைத் தண்ணிய விட்டுச் சுத்தம் பண்றதப் பத்தி ஊர் ஊரா வந்த கேள்விங்க.

கோபி: வீட்டுல 5 பேருங்க. குளிக்கிற, துவைக்கிற, சமையல் தண்ணிக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

தினம் 400 லிட்டர்னு வெச்சுக்கங்க. 12 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். ஜல்லிச் சந்துல தண்ணி மூணு நாள் தங்கும். தரை ஒன்றரை இஞ்ச் வாட்டம், கசியாத பூச்சு. முன்னால, கசடு அடியில தங்க 400 லிட்டருக்குக் குறையாத படிவுத்தொட்டி. அதுல இருந்து வெளியேறும் பைப்புல 'டீ' (T வடிவ இணைப்பு) போட்டு ஒரு கால் தண்ணிக்குள்ள முங்கணும், எண்ணெய் மேலயே நின்னுக்கும்.
ரெண்டு முனையிலயும் ஒரடிக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி, நடுவுல அரை இஞ்ச் ஜல்லி. ஜல்லியக் கழுவிப் போடுங்க. அதுல ஒட்டின கிரஷர் பவுடர் (கல் உடைச்ச தூள்) அடியில இறங்கிச் சேறாகி அடைச்சுக்கும்.
கடைசி முனையில அடியில ஓட்டை போட்ட பைப், வெளிய மேல் நோக்கி எல்போ (வளைவு இணைப்பு). எல்போவுக்குப் பசை வேண்டாம். அதைத் திருப்பித்தான் தண்ணி மட்டம் வைக்கணும். தண்ணி ஜல்லியோட மேல்மட்டத்துக்கு 3 இஞ்ச் கீழ நிக்கணும். கல்வாழைக் கிழங்கு ஒன்றரை அடிக்கு ஒண்ணு. வேர் பிடிக்கிற வரை மட்டத்தை ஏத்தி வைங்க.

காங்கயம்: கொசு?

மேல அந்த 3 இஞ்ச் ஜல்லி காஞ்சிருந்தா முட்டையிட இடமே இல்லைங்க.

பெருந்துறை: ஆரம்ப முனையில தண்ணி மேல நிக்குது, நாத்தம்.

முதல் ஒரடி ஜல்லியத் தோண்டிப் பாருங்க. கருப்பா, வழவழன்னு கையில ஒட்டுனா சமையல் எண்ணெய். அதை மட்டும் அள்ளிக் கழுவுங்க, படிவுத்தொட்டியத் தூர் வாருங்க. ஆமா, ஜல்லியக் கழுவித்தானே போட்டீங்க?

பல்லடம்: சின்னச் சாயப்பட்டறைத் தண்ணிய விடலாங்களா?

கூடாதுங்க. உப்பை எந்தச் செடியும் எடுத்துத் தீர்க்காது.

பல்லடம்: நிறம் போயி வர்றதக் கண்ணால பார்த்தேனுங்க!

நிறம் போகலாம். தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டுற டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்க. வெயில்ல தண்ணி ஆவியாக, மிஞ்சின தண்ணியில உப்பு ஏறத்தான் செய்யும். நொய்யல் ஆறு கெட்டது நிறத்தால மட்டுமா? 2011ல உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது மறந்துருச்சா?

பல்லடம்: நாலு குடம் தண்ணிதானுங்க.

நாலு குடமும் உங்க கிணத்துக்குத்தான் இறங்கும்.

உடுமலை: கக்கூஸ் தண்ணி?

இந்தத் தொட்டிக்கு வேண்டாம். அதுக்கு செப்டிக் டேங்க்.

ஈரோடு: வர்ற தண்ணி தென்னைக்கு ஆகுங்களா?

ஆகும், வாழைக்கும். மண்ணுல விடுங்க, இலை மேல தெளிக்காதீங்க. கீரை, வெங்காயத்துக்கு வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுற தண்ணிய வேற பக்கம் திருப்புங்க. வேரை ஒட்டின நுண்ணுயிர் செத்துடும்.

தாராபுரம்: கொசு வருமாங்க?

காங்கயத்துக்குச் சொன்னதப் படிங்க.

அந்தியூர்: கழுவாத ஜல்லியப் போட்டாச்சுங்க, கிழங்கு நடலை. இனி?

அள்ளுங்க.