ரெட் ராக்: பையனோடும் அம்மாவோடும் தங்கலாமா?

பத்து வயசுப் பையன், வயசான அம்மாவோட லாஸ் வேகஸ் போறோம், ஸ்ட்ரிப் (பெரிய கசினோக்கள் வரிசையா நிக்கிற சாலை) இரைச்சல் வேண்டாம், ரெட் ராக் கசினோ ரிசார்ட்ல தங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா அதையே எடுங்க. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் 1950களில் வாங்கிப்போட்ட பாலைநிலத்துல வளர்ந்த சம்மர்லின் புறநகர்ல, ஸ்டேஷன் கசினோஸ் நிறுவனம் இதை 2006 ஏப்ரல்ல திறந்தது. உள்ளூர்க் குடும்பங்களே வர்ற இடம்: 72 தடம் பௌலிங், 16 திரை தியேட்டர், நீச்சல்குளம். அம்மாவுக்கு ஸ்பா இருக்கு.

அறை மலைப்பக்கமா கேளுங்க. காலை வெயில் பட்டதும் செம்பாறை தகதகன்னு தெரியும், அதுக்காகவே போகலாம். சூதாட்டத் தளத்தைப் பையன் கடந்து போகலாம், நிக்கக் கூடாது. இங்க நெவாடா மாநிலச் சட்டப்படி சூதாட 21 வயசு ஆகணும். வாடகைக்கு மேல ரிசார்ட் கட்டணம் (விடுதி வசதிகளுக்கான கட்டணம்) தனி, மொத்தத்தைப் பார்த்துட்டுப் பதிவு பண்ணுங்க. அக்டோபர் முதல் மே வரை பக்கத்துல இருக்கிற ரெட் ராக் கேன்யன் செம்பாறைப் பகுதியைக் கார்ல சுத்திப் பார்க்கிற சாலைக்கு முன்பதிவு கட்டாயம்.