அகத்தியர் மலைக்குப் போற தம்பிக்கு

தம்பி, சொல்லாம கொள்ளாம சென்னைக்குப் போய்ட்டேன், நான் விட்டுட்டுப் போன புள்ள இப்ப அதே குரூப்ல பொதிகைமலைக்கு வாரா, எப்ப பேசன்னு கேட்டிருக்கீய. மொத நாளு நடை தொடங்குற போனக்காட்டுலருந்து ராத்திரி தங்குற அதிருமலை கேம்ப் வரைக்கும் சும்மா கூட நடங்க, ஓடை வந்தா அவ பாட்டில்லயும் தண்ணி புடிச்சுக் குடுங்க, புல்மேட்டு வெயில்ல பழச இழுக்காதீய. மறுநா உச்சி 1868 மீட்டர், கடைசில கயித்தப் புடிச்சுப் பாறை ஏறணும், மூச்சு வாங்கும், அங்க எங்க பேச, எறங்கி வந்து கேம்ப்ல கஞ்சி குடிச்சுட்டு உக்காந்திருக்கும்போது நேரா மன்னிப்புக் கேளுங்க, வீட்டாளுக மேல பழியப் போடாதீய. வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுரணும், மறுநாளும் அவ அதே குரூப்போடதான எறங்கணும், பாவம். எனக்கென்னமோ பேசுவான்னுதான் தோணுது, நீங்க வாரீயன்னு தெரிஞ்சும் பேரு குடுத்துருக்கால்லா.