புதிர் விளையாட்டில் வேளாண்மைப் பாடம்: கேள்வி பதில்

கேள்வி: பயிர் சுழற்சியை எட்டாம் வகுப்புக்குப் புதிராகக் கொடுப்பது எப்படி சார்?

பதில்: நாலுக்கு நாலு கட்டம் போடுங்கள். குறுக்கே நாலு பருவம், நெடுக்கே நாலு வயல். பயறு, தானியம், கத்தரிக் குடும்பம், பூசணிக் குடும்பம் நான்கும் ஒரு வயலிலோ ஒரு பருவத்திலோ இரண்டு முறை வரக்கூடாது. இதோடு விட்டால் பிள்ளைகள் சுடோகுவாகப் போட்டு முடித்துவிடுவார்கள், விவசாயம் ஏறாது. அதனால் குடும்பப் பெயரை மறைத்துப் பயிர்ப் பெயரை மட்டும் கொடுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம், பாக்டீரியா வாடல் நோய் நான்கையும் பிடிக்கும் என்று தெரிந்தால்தான் கட்டம் நிறையும். பயறுக்கு அடுத்து தானியம்தான் என்றும் ஒரு விதி வையுங்கள். மீறினால் "தவறு" என்று மட்டும் காட்டாமல், பயறின் வேரும் தழையும் மட்கும்போது கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) வீணாகிறது என்று காரணத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: சத்துக் குறைபாட்டுப் படங்களைப் பொருத்தச் சொன்னால் குருட்டாம்போக்கில் போடுகிறார்கள்.

பதில்: தனி இலைப் படமாக இருக்கும். முழுச்செடியைக் காட்டுங்கள். தழைச்சத்து குறைந்தால் முதலில் அடியிலை மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் கொழுந்திலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். இலை எங்கே இருக்கிறது என்பதே துப்பு.

கேள்வி: நேரம் வைத்து ஆடவிடலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: என் தக்காளிக் கொழுந்து வெளுக்கிறது, என்ன போட?

பதில்: இங்கே விளையாட்டு பற்றி மட்டும். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வேளாண் அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி: உரக் கணக்கையும் புதிராக்க முடியுமா ஐயா?

பதில்: இதைவிட நல்ல புதிர் கிடையாது. நெல் வயலுக்கு, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 92, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 30 கிலோ என்று இலக்கு கொடுங்கள். கையில் யூரியா (தழை 46%), டிஏபி எனும் டை அமோனியம் பாஸ்பேட் உரம் (தழை 18%, மணி 46%), பொட்டாஷ் (சாம்பல் 60%). மணிச்சத்தில் தொடங்க வேண்டும். டிஏபி 100 கிலோ போட்டால் மணி 46 வந்துவிடும், கூடவே தழை 18 வரும். மீதித் தழை 74-க்கு யூரியா 161 கிலோ. பொட்டாஷ் 50 கிலோ. டிஏபியில் வந்த தழையை மறந்தவன் யூரியாவை 200 கிலோ கொட்டுவான். அப்போது திரையில் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், நெற்பயிர் சாய்ந்து கிடப்பதைக் காட்டுங்கள். தானாகத் திரும்பிப்போய்க் கணக்கைப் பார்ப்பான்.

கேள்வி: நேரம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே. போட்டி இருந்தால்தானே கடைசி பெஞ்சும் எழுந்து உட்காரும்?

பதில்: எழுந்து உட்காரும், ஆனால் எதையும் பார்க்காது. நொடி ஓடும்போது முதலில் விடுபடுவது அந்த டிஏபியின் 18 கிலோதான். செடியில் மேலிலையா அடியிலையா என்று நின்று பார்ப்பதும் போய்விடும். பாடமே அந்தப் பார்வைதான்.

கேள்வி: நானும் அவர் கட்சிதான் சார். போட்டி இல்லாவிட்டால் வகுப்பு தூங்குகிறது.

பதில்: போட்டியை நான் மறுக்கவில்லை, கடிகாரத்தைத்தான் மறுக்கிறேன். மூன்று பேர் ஒரு குழு, ஒரு புதிருக்கு மூன்று முயற்சி. குறைந்த முயற்சியில் முடிக்கும் குழுவுக்கு வெற்றி. முயற்சி தீர்ந்துவிடுமே என்று தங்களுக்குள் வாதாடிவிட்டுத்தான் கட்டத்தைத் தொடுவார்கள்.

கேள்வி: 30 வினாடி போதுமா, 60 வைக்கலாமா?

பதில்: மேலே இருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: பூச்சிப் பருவங்களை வரிசைப்படுத்தும் புதிர்?

பதில்: செய்யுங்கள். காய்ப்புழுவுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி. தத்துப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. அதற்கும் ஒரு கூட்டுப்புழு அட்டையைச் சேர்த்துக் கொடுங்கள், வெளியே ஒதுக்கி வைக்கிறார்களா பாருங்கள்.