பீர்க்கம்பூ மலரும் நேரத்தில் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: திருச்சி உறையூரில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். பங்குனிக் கடைசியில் பீர்க்கனும் சுரையும் விதைத்தேன். வெயிலுக்குப் பயந்து பந்தலுக்கு மேலும் சுற்றிலும் பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறேன். கொடி நன்றாக ஓடுகிறது, பூவும் வருகிறது. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. உரக்கடையில் முதலில் ஒரு பூ டானிக் கொடுத்தார்கள். அப்புறம் பெண் பூ அதிகம் வருவதற்கு ஒரு மருந்து, பழ ஈக்கு ஒரு பொறி. வேப்பெண்ணெயும் ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அடிக்கிறேன். இதுவரை ஒரு காய்கூட சமைக்கவில்லை. மாமியார் திருஷ்டி என்கிறார். எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா? இன்னொன்று: வலைக்கு வெளியே, குப்பை மக்க வைக்கும் டிரம் பக்கத்தில் தானாக ஒரு பூசணி முளைத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஓடுகிறது. அதில் மட்டும் இரண்டு காய். அது என்ன அதிசயம்?

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. உங்கள் கேள்விக்கான விடையைக் கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். நீங்கள் விதைக்காத, உரம் போடாத, டானிக் காட்டாத பூசணி காய்க்கிறது. பார்த்துப் பார்த்து வளர்த்தவை காய்க்கவில்லை. இரண்டும் இருப்பது ஒரே மாடியில்தான். பெரிய வித்தியாசம் வலை. பூசணி வலைக்கு வெளியே இருக்கிறது, அதன் பூவுக்குத் தேனீ போகிறது. பீர்க்கனும் சுரையும் உள்ளே இருக்கின்றன, அங்கே யாரும் சுலபமாகப் போக முடியாது.

பிஞ்சு ஏன் உதிர்கிறது என்று கேட்டீர்கள். என் பூவைத் தேடி யார் வருகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

பூசணியும் பாகலும் விடியற்காலையில் பூக்கும். பீர்க்கனும் சுரையும் அப்படி இல்லை, பொழுது சாயும்போதுதான் மலரும். சுரையின் வெள்ளைப் பூவையும் புடலையின் நூல் நூலான பூவையும் தேடி வருவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். இருட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அவை வெள்ளையாகப் பூக்கின்றன. நீங்கள் ஆறு மணிக்கு வேப்பெண்ணெய் அடிக்கும்போது உங்கள் பீர்க்கம்பூ அப்போதுதான் இதழ் விரித்திருக்கும். மகரந்தம் நனைந்து வீணாகும். வலையின் இடுக்கில் நுழைந்து வந்த ஒன்றிரண்டு பூச்சியும் அந்த வாடைக்கு ஓடிவிடும். வேப்பெண்ணெய் நல்ல பொருள்தான், அடிக்கும் நேரம்தான் தப்பு. பூச்சித் தொல்லை கண்ணில் பட்டால் மட்டும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பீர்க்கன், சுரைக்குக் காலையில். பாகல், பூசணிக்குச் சாயங்காலம். பூவின் மேல் எப்போதுமே வேண்டாம்.

இன்று மாலை ஐந்தரைக்கு மாடிக்குப் போங்கள். கையில் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். பீர்க்கனில் ஒரே கணுவில் கொத்தாக இருப்பவை ஆண் மொட்டுகள், தனியாக அடியில் குட்டிப் பிஞ்சோடு நிற்பது பெண் மொட்டு. நன்றாக முற்றிய மொட்டு ஒன்றைத் தேர்ந்து அதன் முன்னால் நில்லுங்கள். நுனி மெல்லப் பிரியும், கசங்கிய மஞ்சள் துணி போல இதழ் வெளியே வந்து சுருக்கம் நீங்கி விரியும். தோட்டம் வைத்திருப்பவர்களிலேயே இதைப் பார்த்தவர்கள் குறைவு. சங்கப் பாட்டில் தலைவியின் பசலைக்கு இந்தப் பூவின் மஞ்சளைத்தான் உவமை சொன்னார்கள். வேலியோரத்தில் இதை உற்றுப் பார்த்துப் பழகிய கண் அது.

பார்த்து முடித்ததும் ஒரு ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் மூன்று பிளவான சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். மஞ்சள் பொடி ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். தொட்ட பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பூ வாடித் தொங்கும், பிஞ்சு பச்சையாகவே பருக்கத் தொடங்கும். நூல் கட்டாத பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாமியாருக்கும் விஷயம் விளங்கிவிடும்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பிஞ்சுகளை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தாலும், தோலில் குத்திய புள்ளியில் பிசின் கசிந்திருந்தாலும் அது பழ ஈ. அந்தப் பிஞ்சுகளை மக்கும் குப்பையில் போடாதீர்கள், பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். புழு இல்லாமல் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம்.

இப்போது கடை விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

பெண் பூவுக்கென்று உங்களிடம் விற்றது பெரும்பாலும் எத்ரெல்லாக இருக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. பீர்க்கனுக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, விதைத்த 15-ஆம் நாள் தொடங்கி வாரம் ஒரு முறை, நான்கு முறை. அதாவது கொடி நாலு இலையில் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டிய வேலை. பூத்துக் குலுங்கும் கொடிக்கு அதைக் கொடுத்தவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தே விற்றிருக்கிறார். அதுவும் உங்களுக்குப் பெண் பூவே குறையில்லை, பிஞ்சு உதிர்கிறது என்றுதானே சொன்னீர்கள்? மாடித் தோட்டக் கொடிக்கு அந்த மருந்தே தேவையில்லை.

பழ ஈப் பொறிக்குள் ஈயை இழுக்க வைக்கும் மாத்திரையின் உறையைத் திருப்பிப் படியுங்கள். மெத்தில் யூஜினால் என்று எழுதியிருந்தால் அது மாம்பழத்து ஈக்கு. கொடிக்காய் ஈ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்கு வேண்டியது கியூ லூர். இரண்டுக்கும் டப்பா ஒரே மாதிரி இருக்கும். எது கையில் கிடைத்ததோ அதை எடுத்துக் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

பூ டானிக் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். புட்டியின் பின்பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று அச்சடிக்காத எதற்கும் காசு கொடுக்கக் கூடாது. மகரந்தம் சேராத பூவை எந்த டானிக்கும் காயாக்கித் தராது. அடுத்து உங்களிடம் தேனீப் பெட்டி விற்கவும் யாராவது வருவார்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். சாப்பாடு இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால் தேனீ தங்காது.

அந்தக் காசில் ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டு தொட்டியை உங்களுக்கென்று இல்லாமல் பூச்சிகளுக்கென்று விட்டுவிடுங்கள். சமையலறைக் கொத்தமல்லி விதையைத் தேய்த்து உடைத்துப் போட்டு, இலை பறிக்காமல் பூக்க விடுங்கள். முள்ளங்கி ஒன்றைப் பிடுங்காமல் விட்டால் அது உயரப் போய் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும். துளசியின் கதிரைக் கிள்ளாதீர்கள். ஓரத்தில் செண்டுமல்லி. ஒரு மண்சட்டியில் கூழாங்கல் போட்டுக் கல் முழுகாத அளவு தண்ணீர், தேனீ நின்று குடிப்பதற்கு. எல்லாம் சமைக்கத்தான் என்று ஒவ்வொரு செடியையும் பூக்கும் முன்பே அறுத்துவிடுகிற தோட்டத்துக்குத் தேனீ எதற்காக வர வேண்டும்? கொத்தமல்லி பூத்துவிட்டால் கடுகளவே இருக்கும் கொசுத்தேனீயை அதன்மேல் பார்ப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் பக்கத்து வீட்டுச் சுவர் ஓட்டையில் பல வருஷமாகக் குடியிருந்திருக்கும்.

வலையை முழுக்கக் கழற்றிவிடுங்கள். பீர்க்கனும் சுரையும் வெயில் குடிக்கும் கொடிகள், நிழலில் இலைதான் வரும். வெயில் கொடுமையாக இருக்கும் நாட்களில் தொட்டியின் பக்கவாட்டில் சாக்கு சுற்றுங்கள், மண்மேல் காய்ந்த இலைச் சருகு பரப்புங்கள். சூடு தாங்காதது வேர்தான். பங்குனி விதைப்பும் இந்தக் கொடிகளுக்குத் தோதான பட்டமில்லை. பகல் நீண்டு வெப்பம் ஏறும்போது ஆண் பூதான் அதிகம் வரும். ஆடியிலும் தையிலும் விதைத்தால் இதே விதை வேறு மாதிரி காய்க்கும்.

அந்தப் பூசணி. அதிசயம்தான், நான் மறுக்கவில்லை. சமையலறைக் கழிவோடு போன விதை, தனக்குப் பிடித்த ஈரத்தையும் மக்கிய உரத்தையும் தானே கண்டுபிடித்து முளைத்திருக்கிறது. தாய்க்காய் வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் இதன் காய் அதே வடிவில் வரும் என்று சொல்ல முடியாது. நீள்வட்டமாகவோ தட்டையாகவோ வரலாம். காய் முற்றும் வரை காத்திருங்கள். காம்பு காய்ந்து மரம்போல ஆனதும் அறுங்கள். சமைக்கும் முன் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கிப் போடுங்கள், கொஞ்சம்தானே என்று சமைக்க வேண்டாம். பூசணி, சுரை இனத்தில் கசப்பு என்றால் விஷம், வேகவைத்தாலும் போகாது. சுரைக்காய்க்கும் இதே விதிதான்.

நூல் கட்டிய பீர்க்கங்காய்களில் நகம் சுலபமாக இறங்கும் பருவத்திலேயே பறித்துச் சமையுங்கள். நாட்டு ரக விதை என்றால் நல்ல வடிவான ஒன்றை மட்டும் கொடியிலேயே விடுங்கள். காய்ந்து, ஆட்டினால் விதை கலகலக்கும்போது எடுத்தால் ஆடிக்கு விதையும் கிடைக்கும், குளிக்கத் தேய்த்துக்கொள்ள நாரும் கிடைக்கும். அதற்குள் ஆடி பிறந்துவிட்டால் பக்கத்தில் யாரிடமாவது நாட்டு விதை நாலைந்து கேட்டு வாங்கிப் போடுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் விதை கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.