மியூனிக்கில் மென்பொருள் வேலை: முதல் ஆறு மாதம் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. சென்னையில், மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சேவை நிறுவனத்தில் ஐந்து வருடம் ஜாவா மொழியில் நிரல் எழுதிவிட்டு, மியூனிக்கில் சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனத்தில் சேரப் போகிறீர்கள். அங்கே அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பது ஒன்று. ஒப்பந்தத்தில் ஆறு மாதம் 'ப்ரோபெட்சைட்' என்று போட்டிருக்கிறதே, அதற்குள் அனுப்பிவிடுவார்களா என்பது இன்னொன்று.

பயத்தை முதலில் பார்த்துவிடலாம். ப்ரோபெட்சைட் என்றால் சோதனைக் காலம். அதற்குள் யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், இரண்டு வார முன்னறிவிப்பில் விலகலாம். இது இங்கே ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், உங்களைச் சந்தேகப்பட்டுப் போட்டதில்லை. ஆறு மாதம் தாண்டிவிட்டால், பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால், பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் வந்துவிடும். அதனால்தான் ஐந்தாவது மாதவாக்கில், ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். நம் ஊரிலிருந்து வருபவர்கள் அந்தக் கணக்கில் தடுமாறுவது பெரும்பாலும் ஜாவா தெரியாமல் இல்லை. வாயைத் திறக்காமல் இருப்பதால்தான்.

சேவை நிறுவனத்தில் க்ளையண்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு லீட் இருப்பார். கேள்வி கேட்பது, தேதி பேசுவது, திட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. இங்கே அந்த நடு ஆள் கிடையாது. டிக்கெட்டில், அதாவது உங்களுக்கு ஒதுக்கும் வேலைக் குறிப்பில், இரண்டு வரிதான் இருக்கும். மீதியை, மென்பொருளில் என்ன வேண்டும் என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் மேனேஜரிடம் நீங்களே போய்க் கேட்க வேண்டும். கேட்காமல் ஊகித்துச் செய்து முடித்தால், நன்றாகச் செய்திருந்தாலும் பாராட்டு வராது. "ஏன் கேட்கவில்லை?" என்றுதான் வரும்.

முதல் வாரம் லேப்டாப், அனுமதிகள், ப்ராஜெக்டை உங்கள் மெஷினில் ஓடவைப்பது, இதிலேயே போய்விடும். அமைவுக் குறிப்பு எப்படியும் பழையதாக இருக்கும். ஏழாவது படியில் ஏதோ ஒன்று ஓடாது. அப்போது பக்கத்து ஆளிடம் கேட்டுச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். அந்தக் குறிப்பைத் திருத்தி அதையே உங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட்டாக (உங்கள் மாற்றத்தைப் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும்படி டீமுக்கு அனுப்பும் கோரிக்கை) அனுப்புங்கள். மூன்று வரி மாற்றம் போதும்.

புல் ரிக்வெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கே உங்களை எடைபோடுவது அதில்தான். மாற்றம் 300 வரிக்குள் இருக்கட்டும், பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். 1,500 வரியை அனுப்பினால் யாரும் ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள். மூன்று நாள் அப்படியே கிடக்கும், அதற்குள் எல்லோருக்கும் பொதுவான மூல நிரல் (மெயின் ப்ராஞ்ச்) நகர்ந்து, உங்கள் மாற்றம் அதோடு மோதும் கான்ஃப்ளிக்ட் வந்துவிடும். விளக்கத்தில் நான்கு விஷயம் வேண்டும்: ஏன் மாற்றினீர்கள், என்ன மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், வேண்டுமென்றே எதைத் தொடாமல் விட்டீர்கள். கடைசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

ஒரு உதாரணம். தள்ளுபடிப் புலம் (தள்ளுபடியைப் பதியும் இடம்) காலியாக இருக்கும் பழைய ஆர்டர்களுக்கு பில் கணக்கு பிழையாகி நின்றுவிடுகிறது. காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு அனுப்புகிறீர்கள். அதைப் படித்துச் சரிபார்ப்பவர் (ரிவ்யூ செய்பவர்) ஒரே வரி எழுதுகிறார்: "இங்கே ஏன் பூஜ்யம்?" வணக்கமும் இல்லை, 'தயவுசெய்து'வும் இல்லை. நம் ஆட்கள் இதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டு, பதில் எழுதாமல் பத்து நிமிடத்தில் நிரலை மாற்றிவிடுவார்கள். அவர் கேட்டது உண்மையிலேயே கேள்விதான். தள்ளுபடி இல்லை என்பதும், தள்ளுபடி எவ்வளவு என்று தெரியாது என்பதும் ஒன்றா என்று கேட்கிறார். "2 வருடத்துக்கு முந்தைய ஆர்டர்களில் அந்தப் புலமே கிடையாது, அப்போது தள்ளுபடியும் கிடையாது, அதனால் பூஜ்யம்" என்று எழுதினால் அங்கேயே ஒப்புதல் கிடைக்கும். கேட்டவுடன் மாற்றினால், நீங்கள் யோசிக்காமல் எழுதியதாக ஆகிவிடும். 'நிட்' என்று தொடங்கும் குறிப்பு மட்டும் சில்லறை விஷயம். விருப்பமிருந்தால் மாற்றலாம், வாக்குவாதம் வேண்டாம்.

காலையில் அவரவர் வேலை நிலையைச் சொல்லும் ஸ்டாண்ட்அப் கூட்டம் 15 நிமிடம். "வேலை போய்க்கொண்டிருக்கிறது" என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னால், மாட்டிக்கொண்டும் சொல்லாமல் இருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். ஒரு இடத்தில் முக்கால் மணி நேரம் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். தனி மெசேஜில் "ஹாய்" போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், டீம் சேனலில் ஒரே பதிவாக எழுதுங்கள்: என்ன செய்யப் பார்த்தேன், என்ன பிழை வந்தது (படமாக இல்லாமல் எழுத்தாக ஒட்டவும்), எதையெல்லாம் முயன்றேன்.

இன்னொன்று, நம் தலையாட்டல். மீட்டிங்கில் "வெள்ளிக்குள் முடியுமா?" என்றால் நாம் தலையை ஆட்டுவோம், 'கேட்டுக்கொண்டேன்' என்ற அர்த்தத்தில். ஜெர்மன்காரர் அதை 'ஆம்' என்று எழுதிக்கொள்வார். வெள்ளி மாலை நான்கு மணிக்கு முடியவில்லை என்றால் முகம் மாறும். அதையே புதன்கிழமை "முடியாது, செவ்வாய் ஆகும், காரணம் இது" என்று சொன்னால் சாதாரணமாக எடுத்துக்கொண்டு திட்டத்தை மாற்றுவார். முடியாது என்று சொல்வது இங்கே மரியாதைக் குறைவு இல்லை.

நேரம். சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம். பிற நாட்களில் ஈடுகட்டிச் சராசரியை எட்டுக்குள் வைத்தால் 10 மணி நேரம் வரை போகலாம். ஒரு நாள் வேலை முடிவதற்கும் மறுநாள் தொடங்குவதற்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு வேண்டும். இரவு பதினொன்றரைக்கு கமிட் போட்டு (எழுதிய நிரலைப் பதிந்து) உழைப்பைக் காட்டும் பழக்கத்தை விமானம் ஏறுமுன் விட்டுவிடுங்கள். இங்கே அது திட்டமிடத் தெரியாதவர் என்ற பெயரைத்தான் வாங்கித் தரும்.

விடுப்பு: ஐந்து நாள் வாரத்துக்குச் சட்டம் சொல்வது 20 நாள், மென்பொருள் நிறுவனங்களில் 28 முதல் 30 வரை சாதாரணம். முழு உரிமையும் ஆறு மாதத்துக்குப் பிறகுதான், அதுவரை மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதனால் சேர்ந்த மூன்றாம் மாதமே ஊரில் கல்யாணம் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சொல்லிவிடுங்கள். மியூனிக்கில் வருடத்துக்கு 13 பொது விடுமுறை உண்டு, ஞாயிறில் விழுந்தால் போனது போனதுதான். உடம்பு முடியாவிட்டால் வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் போனால் மருத்துவச் சான்று வேண்டும், சில ஒப்பந்தங்களில் முதல் நாளே கேட்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் நான்கு வாரம் கம்பெனி நோய்ச் சம்பளம் தரக் கடமைப்பட்டதில்லை, மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்தான் நோய்க்கால உதவித்தொகை தரும். அதற்குப் பிறகு உடம்பு முடியாமல் போனால் ஆறு வாரம் வரை கம்பெனியே முழுச் சம்பளம் தரும்.

அலுவல் மொழி ஆங்கிலம் என்று சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் மதியம் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் ஐந்து நிமிடத்தில் ஜெர்மனாகிவிடும். எந்த டிக்கெட் உண்மையில் அவசரம், யார் டீம் மாறப் போகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அதற்காகவாவது மொழி வேண்டும். ப்ளூ கார்டில் (தகுதியுள்ள வெளிநாட்டுப் பணியாளருக்கான ஐரோப்பிய வசிப்பு, வேலை அனுமதி) வருகிறீர்கள் என்றால் இன்னொரு லாபமும் உண்டு: ஜெர்மனில் பி1 எனும் இடைநிலைத் தேர்வு தேறினால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 எனும் தொடக்கநிலை மட்டும் என்றால் 27 மாதம். சின்ன விஷயம் ஒன்று: உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் நீங்கள்தான் வாங்கி வர வேண்டும். மற்றவர்களுக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொல்லாதீர்கள், அபசகுனம் என்று நினைப்பவர்கள் உண்டு.

மூன்றாவது மாத முடிவில் மேலாளரிடம் நீங்களே அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டால் "நன்றாக" என்று முடித்துவிடுவார். "இன்றே முடிவெடுக்க வேண்டுமென்றால் என்னை வைத்துக்கொள்வீர்களா? தயக்கம் இருந்தால் எதில்?" என்று கேளுங்கள். நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில் கிடைக்கும், திருத்திக்கொள்ள மூன்று மாதமும் இருக்கும்.

அப்படியும் அனுப்பும் நிலை வந்தால்: பணிநீக்கம் மையினால் கையெழுத்திட்ட காகிதத்தில் வர வேண்டும், மின்னஞ்சலில் வந்தது செல்லாது. பரஸ்பரம் பிரிவதாக ஒரு ஒப்பந்தத்தை நீட்டினால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போய் வக்கீலிடம் காட்டுங்கள். வேலை போனதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் நீங்களே தெரிவிக்க வேண்டும். கம்பெனி தெரிவிக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.