ஒயிலுக்குள் தண்ணீர்: மாரிகாலக் கேள்விகள்

கல்லடி வாசகர்: மார்கழி பிறந்ததிலிருந்து காரின் ஒயில் மூடிக்கு அடியில் தயிர் மாதிரி அப்பியிருக்கிறது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் ஒயிலில் கலக்காமல் மறிக்கும் ஹெட் காஸ்கட் போய்விட்டது, என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட மட்டும்தான் காரை எடுக்கிறோம்.

உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி ஆவியாக சைலன்சரால் போய்விடும். காலையில் அதன் வாயில் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கால் ஒயில் பக்கம் இறங்கும். என்ஜின் நன்றாகச் சுட்டிருந்தால் அதுவும் ஆவியாகவே வெளியேறும். குளிர்ந்த என்ஜினிலோ, சோற்றுப்பானை மூடி வியர்ப்பதுபோல மேலே துளியாகப் படிந்து, ஒயிலோடு அடிபட்டுத் தயிராகிறது. மட்டக்களப்பில் என்ன பெரிய குளிர் என்பீர்கள். ஐந்து நிமிட ஓட்டத்தில் எந்த ஊரிலும் ஒயில் சுடாது. சூட்டு முள் நடுவுக்கு வந்தாலும் அது கூலன்ட்டின் சூடுதான். ஒயில் பிந்தித்தான் சுடும்.

ஹெட்டில் கைவைக்குமுன் ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஒயில் தெளிவாக இருந்து, கூலன்ட்டும் குறையவில்லை என்றால், மூடியைத் துடைத்துவிட்டு, ஒயில் நன்றாகச் சுடும்படி வாழைச்சேனை வரை ஒருமுறை போய் வாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் பால்தேத்தண்ணி நிறம், கூலன்ட்டும் குறைகிறது என்றால் மெக்கானிக் சொன்னதில் நியாயம் உண்டு, காரை ஓட்டாதீர்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: வெயிலுக்கு நல்லது என்று தேமோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம். அதனாலும் இப்படி வருமா?

தாராளமாக வரும். இந்தக் கைவைத்தியம் நம் பக்கத்துக் கராஜ்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. என்ஜின் சுடும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிக்கும் வால்வுதான் தேமோஸ்டாட். அது இல்லாமல் என்ஜின் தேவையான சூட்டுக்கு ஏறுவதே சிரமம். திரும்பப் போடுங்கள். அதன்பிறகும் கொதித்தால் குற்றம் ரேடியேட்டரிலோ ஃபேனிலோ இருக்கும்.

காத்தான்குடி வாசகர்: காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டால் போதாதா?

போதாது. நின்றபடி ஓடும் என்ஜின் மெதுவாகத்தான் சுடும். அரை நிமிடத்தில் நிதானமாக ஓட்டத் தொடங்குங்கள். அப்புறம், கிலோமீற்றர் ஏறவில்லை என்று ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கிட்டத் தூரமே ஓடும் வாகனத்துக்குக் கிலோமீற்றர் அல்ல, மாதக் கணக்குத்தான்.

சம்மாந்துறை வாசகர்: வெள்ளத்தில் ஓட்டோ நின்றுவிட்டது. காயவிட்டு ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது; பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். முதலில் ப்ளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு அடியிலுள்ள ஒயில் நட்டைத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும். நான் திறந்த ஓர் ஓட்டோவில் அரைப் போத்தல் சேற்றுத் தண்ணீர் ஒழுகிய பிறகே ஒயில் தலைகாட்டியது. புது ஒயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி மாற்றுங்கள்.