எல்லாம் ஒரே முகமா?

அன்புள்ள ஐயா,

பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பிரபுக்களின் செப்புத் தகட்டுப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, தோமா த லூ செதுக்கியவற்றைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. நீள்வட்டச் சட்டம், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகப் பட்டை, கூர்தாடி, அடியில் நாலு வரிக் கவிதை. பெயரை மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இதை எப்படிக் கலை என்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. த லூ பெரும்பாலும் ஆளை எதிரே உட்காரவைத்துச் செதுக்கியவர் அல்ல, வேறொருவர் வரைந்ததைப் பார்த்துச் செய்தவர். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஃபிரான்சுவா க்ளூயே நேரில் பார்த்து சாக்கால் வரைந்த முகங்களில் சோர்வும் பிடிவாதமும்கூடத் தெரியும், ஆனால் அவை அரசி கத்ரீன் த மெதிசி போன்றவர்கள் சேர்த்துவைத்துப் பார்த்தவை. தெருவில் போகிறவனுக்கு எட்டியது அச்சுப்படம்தான். 1588 டிசம்பரில் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றி, தன் அரசியல் எதிரியான கீஸ் கோமகனை ப்ளுவா கோட்டையில் கொல்லச் செய்தபோது, பாரிஸ் தெருக்களில் அந்தக் கொலையே படமாக விற்றது. பியேர் த லெத்துவால் என்பவர் அப்படிப்பட்ட தாள்களைப் பொறுக்கி ஒரு பெரிய ஏட்டில் ஒட்டிவைத்தார், அதனால்தான் இன்று நாம் அவற்றைப் பார்க்க முடிகிறது. கோமகனை ஒருநாளும் நேரில் பார்த்திராதவன் வாங்கும் படத்தில் பெயரும் பதவியும் பட்டென்று தெரிய வேண்டும். நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த ஒரே மாதிரிச் சட்டம் அதற்குத்தான்.

சரி, கலை எங்கே? கையில். உளியின் பிடியை உள்ளங்கையில் பதித்து முன்னால் தள்ளுவார்கள். வளைகோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதில்லை, மணல் அடைத்த தோல் மெத்தைமேல் கிடக்கும் தகட்டைத்தான் திருப்ப வேண்டும். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மயிரிழையாகும். தப்பாக விழுந்த கோட்டை அழிக்க, தகட்டைச் சுரண்டி, பின்பக்கம் தட்டிச் சமமாக்கித் தேய்க்க வேண்டும். கோடுகளில் மை நிரப்பித் தாளில் அழுத்தும்போது படம் திரும்பிவிடும் என்பதால், இத்தனையும் இடவலம் மாற்றி, எழுத்து உட்பட!

அந்தக் கழுத்துப் பட்டையை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை மடிப்புகளில் பெரும்பகுதி வெறும் தாள்தான், உளி படாத இடம். மடிப்பின் உள்ளே மட்டும் சில மெல்லிய கோடுகள். அதற்கு மேலே கன்னத்தில் கோடுகள் மெலிந்து மெலிந்து வெறும் புள்ளிகளாகிவிடும், தாடி தொடங்கும் இடத்தில் திரும்பத் தடிக்கும். எனக்கு அந்த இரண்டு அங்குலம் போதும்.